முப்பது வயதில் முதல் பாடம்

2002-இல் மதுரையில் ஒரு மாடிப்படிக்குக் கீழே எனக்கு ஒரு கடை இருந்தது. ஆறு சிஸ்டம். பகலில் கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், கல்லூரிப் பிள்ளைகளின் புராஜெக்ட் என்று டிடிபி வேலை. சாயங்காலத்துக்கு மேல் அதே சிஸ்டங்களில் பிரவுசிங், மணிக்கு இருபது ரூபாய். ஒன்பது மணிக்கு இன்ஜினியரிங் படிக்கிற பையன்கள் நாலைந்து பேர் வருவார்கள். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு லேனில் ஸ்டார்கிராஃப்ட் ஆடுவார்கள். கூட ஆள் குறைந்தால் என்னையும் இழுத்து உட்காரவைப்பார்கள். அப்படித்தான் எனக்கு அந்த ஆட்டம் பழகியது.

ஒருநாள் அவர்களில் ஒருவன் ஃப்ளாப்பி ஒன்றை நீட்டினான். "அண்ணே, இதைப் பாருங்க. கொரியாக்காரரு. பேரு பாக்ஸர். மனுசன் ஆடுற மாதிரியே இல்லண்ணே."

அந்த ஒரு ஃப்ளாப்பிக்குள் பத்து ஆட்டங்கள் இருந்தன. ஸ்டார்கிராஃப்டின் ரீப்ளே கோப்பில் படம் எதுவும் இருக்காது. எந்தக் கணத்தில் யார் என்ன உத்தரவு போட்டார் என்ற குறிப்பு மட்டும்தான் இருக்கும். அதை வைத்துக்கொண்டு நம் சிஸ்டமே அந்த ஆட்டத்தை மறுபடி நடத்திக்காட்டும். அதனால்தான் அரை மணி நேர ஆட்டம் அவ்வளவு சின்ன இடத்தில் அடங்கியது. அதில் ஒரு குறை உண்டு. ஆடியவரின் திரை அந்த நேரத்தில் எங்கே இருந்தது, அவர் கண் எதைப் பார்த்துக்கொண்டிருந்தது என்பது அதில் பதிவாகாது. வடக்கு மூலையில் ஒரு கப்பல் படையை இறக்குகிறது. அதே நேரத்தில் தெற்கில் ஒரு கட்டடம் எழும்புகிறது. நடுவில் எட்டுப் பேர் சண்டை போடுகிறார்கள். இத்தனையும் ஒரே ஆள். அந்த ஆள் எங்கே பார்க்கிறார் என்று மட்டும் தெரியாது. அன்று இரவு இரண்டு மணிவரை அந்தப் பத்து ஆட்டங்களையும் பார்த்தேன்.

பாக்ஸரின் பெயர் லிம் யோ-ஹ்வான். 1980-இல் பிறந்தவர். நானும் அதே ஆண்டுதான்.

ஸ்டார்கிராஃப்ட் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஆளுக்கொரு முகாம். கனிமம் வெட்டி, கட்டடம் கட்டி, படை திரட்டி எதிராளியின் முகாமை அழிக்க வேண்டும். டெர்ரன், ஸெர்க், புரோட்டாஸ் என்று மூன்று இனங்கள். டெர்ரன் மனிதர்கள், ஸெர்க் பூச்சிக் கூட்டம், புரோட்டாஸ் தொழில்நுட்பத்தில் மூத்த வேற்றுக்கிரகவாசிகள். சதுரங்கம் போல முறை வைத்து ஆடுவது கிடையாது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில், நிற்காமல் ஆட வேண்டும்.

1998-இல் வெளிவந்த இந்த அமெரிக்க ஆட்டம் வேரூன்றியது தென் கொரியாவில். பொருளாதார நெருக்கடியில் நாடு தத்தளித்த சமயம் அது. அதிவேக இணையம் தெருவுக்குத் தெரு வந்தது, 'பிசி பாங்' எனப்படும் கணினிக் கூடங்கள் முளைத்தன. 2000-இல் கணினி ஆட்டங்களுக்கென்றே ஒரு தொலைக்காட்சி அலைவரிசை வந்துவிட்டது. ஆட்டக்காரர்களைப் பதிவுசெய்ய கெஸ்பா என்ற சங்கமும் வந்தது. லிம் அந்த அலையில் எழுந்தவர். 2001-இல் மட்டும் ஓஎஸ்எல் என்னும் பெரிய போட்டியில் இரண்டு பட்டங்கள். 2001, 2002 இரண்டு ஆண்டுகளிலும் உலக சைபர் விளையாட்டுப் போட்டியில் தங்கம். அவருடைய ரசிகர் மன்றத்தில் ஆறு லட்சம் பேர் இருந்ததாகச் சொல்வார்கள். கொரியர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'பேரரசர்'.

ஆனால் எனக்கு அவரை நெருக்கமாக்கியவை அவருடைய தோல்விகள். அந்த இரண்டு பட்டங்களுக்குப் பிறகு நான்கு முறை ஓஎஸ்எல் இறுதிவரை போய் நான்கிலும் தோற்றார். 2004-இல் அரையிறுதியில் பரம எதிரி ஹொங் ஜின்-ஹோவை ஒரே உத்தியால், வரிசையாக மூன்று ஆட்டங்களிலும், எடுத்த எடுப்பிலேயே வீழ்த்தினார். மேட்ச் பார்த்துக்கொண்டே சாப்பிடலாமென்று வறுத்த கோழிக்குச் சொல்லிவிட்டவர்களுக்குக் கோழி வந்து சேரும் முன்பே மேட்ச் முடிந்துவிட்டது என்று கொரியாவில் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அடுத்து இறுதிப்போட்டி. எதிரே சோய் யோன்-சொங், லிம் தானே கண்டெடுத்து வளர்த்த சீடன். 3-2 என்ற கணக்கில் சீடன் ஜெயித்தான். லிம் மேடையிலேயே அழுதுவிட்டார்.

இனி அவருடைய கைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் பின்னால் நடந்தது புரியாது.

பழைய ஸ்டார்கிராஃப்டில் ஒரே பிடியில் 12 பேரைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். அறுபது பேர் படை என்றால் ஐந்து பிடி. கட்டடங்களை ஒவ்வொன்றாகத்தான் தொட வேண்டும். மரீன் என்னும் காலாட்படை வீரனை உருவாக்க பாரக்ஸ் என்னும் கட்டடத்தைத் தொட்டு 'எம்' விசையைத் தட்டுவோம். ஐந்து பாரக்ஸ் இருந்தால் ஐந்தையும் தொட்டு ஐந்து முறை தட்ட வேண்டும். கனிமம் வெட்டுகிற புதுத் தொழிலாளி பிறந்ததும் அப்படியே நின்றுகொண்டிருப்பான். 'போய் வெட்டுப்பா' என்று அவனை நாம்தான் அனுப்ப வேண்டும். சண்டை உச்சத்தில் இருக்கும்போதும் நொடிக்கொருமுறை வீட்டுக்கு ஓடிவந்து இந்த வேலைகளைச் செய்துவிட்டுப் போக வேண்டும். முதல்தர ஆட்டக்காரர்கள் நிமிடத்துக்கு முன்னூறு முறைக்கு மேல் விசையையும் மவுஸையும் தட்டினார்கள் என்றால் அதில் பாதி இந்த வீட்டுவேலைதான்.

லிம் இந்தக் குறைபாடுகளுக்கு உள்ளேதான் தன் கலையை வளர்த்தார். ஸெர்க் படையில் லர்க்கர் என்று ஒன்று உண்டு. மண்ணுக்குள் புதைந்துகொண்டு நேர்க்கோட்டில் முள்வரிசையை எழுப்பும். கூட்டமாக நின்றால் மரீன்கள் கொத்தாக விழுவார்கள். முள் எழும்பிவர ஒரு கண்சிமிட்டும் நேரம் ஆகும். அந்தச் சிமிட்டலுக்குள் மரீன்களை இப்படியும் அப்படியும் விலக்கி, முள்ளைத் தாண்டவிட்டு, நின்று சுட்டு, மறுபடி விலக்குவார். கோஸ்ட் என்னும் ஒற்றர்கள் எதிரியின் ராட்சதக் கப்பலைச் செயலிழக்கச் செய்வார்கள். நாலு ஒற்றர்களைச் சேர்த்துப் பிடித்து உத்தரவிட்டால் நாலு பேரும் ஒரே கப்பலைக் குறிவைத்து வீணாவார்கள். ஆகவே ஒவ்வொருவராகப் பிடித்து ஒவ்வொரு கப்பலுக்கும் அனுப்ப வேண்டும், அதுவும் சண்டைக்கு நடுவில். டிராப்ஷிப் என்னும் கப்பலில் எட்டு மரீன்களை ஏற்றிப் போய் எதிரியின் கொல்லைப்புறத்தில் இறக்குவது அவருடைய முத்திரை. கூடவே மெடிக் என்னும் மருத்துவர்கள், அடிபட்டவர்களை நின்ற இடத்திலேயே தேற்றுவதற்கு. பலம் குறைந்த இனம் என்று ஒதுக்கப்பட்டிருந்த டெர்ரனை அவர் நிமிர்த்தியது இப்படித்தான். ஆட்டம் தராததை அவர் கை தந்தது.

2006-இல் ராணுவ சேவைக்குப் போனார். கொரியாவில் ஆண்கள் எல்லோருக்கும் அது கட்டாயம். விமானப்படை அவருக்காகவே போல ஓர் ஆட்டக்காரர் அணியை உருவாக்கியது. சீருடையிலும் ஆடினார். முப்பதுகளிலும் தொழில்முறை ஆட்டக்காரனாக இருப்பேன் என்று ஊரறியச் சொல்லியிருந்தார். இருபத்திரண்டு, இருபத்து மூன்றில் ஓய்வு பெற்றுவிடுகிற தொழில் அது. 2008 கடைசியில் சேவை முடிந்து எஸ்கே டெலிகாம் டி1 அணிக்குத் திரும்பினார். 2004-இல் அந்த அணி உருவானபோது அதன் முகமே அவர்தான். ஆனால் திரும்பிவந்தபோது களம் பதினாறு, பதினேழு வயதுப் பையன்களுடையதாகியிருந்தது. லீ யங்-ஹோ, அதாவது ஃப்ளாஷ், 1992-இல் பிறந்தவர். அவர்களுடைய விரல்களுக்கு முன்னால் லிம்முக்குப் பெரிய மேடைகள் கிடைக்கவில்லை.

2010 ஜூலை 27 அன்று ஸ்டார்கிராஃப்ட் 2 வெளிவந்தது.

அந்த ஆண்டை நான் மறக்காமல் இருக்க இன்னொரு காரணமும் உண்டு. ப்ளஸ் டூ முடித்ததும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சேர்ந்து தமிழ் ஹையர் பாஸ் பண்ணியவன் நான். 'யளனக' என்று இடது கையில் ஆரம்பித்த விரல்கள், பத்து வருஷத்துக்கு மேல் அந்த அமைப்பிலேயே ஓடியவை. மெஷினில் புள்ளியை முதலில் அடிப்போம், அது நகராது, அதன் மேல் எழுத்து வந்து உட்காரும். கணினிக்கு வந்த பிறகும் அதே அமைப்பைத்தான் வைத்திருந்தேன். 2010 ஜூனில் கோவையில் செம்மொழி மாநாடு நடந்த சமயத்தில்தான் ஒருங்குறியை, அதாவது யூனிகோடை, தரமாக ஏற்று அரசாணை வந்தது. வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக "யூனிகோடுல கொடுங்க" என்று கேட்க ஆரம்பித்தார்கள். சரி, மாறுவது மாறுகிறோம், தமிழ்99 விசைப்பலகை பழகிவிடுவோம் என்று உட்கார்ந்தேன். இடது சுட்டுவிரலின் கீழே 'க' இருந்த விசையில் இப்போது புள்ளி. 'க' வலது கைக்குப் போய்விட்டது. 'ம' மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. 'பக்கம்' என்று அடிக்க, புள்ளியைத் தேடி விரல் போவதற்குள், இரண்டாவது 'க' விழுந்ததும் முதல் 'க'வுக்குச் சிஸ்டமே புள்ளி வைத்துவிட்டது. நான் பத்து வருஷத்துக்கு மேல் வைத்த புள்ளி! ஒரு பக்கத்தைப் பத்து நிமிடத்தில் முடிக்கிறவன் அன்று முக்கால் மணி நேரம் எடுத்தேன். என்னிடம் வேலைக்கு வந்து ஆறு மாதமே ஆன பெண், டைப்ரைட்டரே பார்க்காதவள், என்னைவிட வேகமாக அடித்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரங்களில் ஸ்டார்கிராஃப்ட் 2-ஐயும் ஆடிப்பார்த்தேன். எத்தனை பேரை வேண்டுமானாலும் ஒரே பிடியில் பிடிக்கலாம். பாரக்ஸ் எல்லாவற்றையும் ஒரே எண்ணில் பூட்டிவைத்துத் தட்டிக்கொண்டே போகலாம். புதுத் தொழிலாளிக்கு ஒருமுறை வழிகாட்டி வைத்துவிட்டால் பிறந்ததும் தானே போய் வெட்டத் தொடங்குகிறான். ஒற்றர் நாலு பேரைச் சேர்த்துப் பிடித்து உத்தரவிட்டால் ஒருவர் மட்டும் செயல்படுகிறார்; மற்ற மூவரும் காத்திருக்கிறார்கள். புள்ளியை அதுவே வைத்துக்கொள்கிறது! விசைகளும் இடம் மாறியிருந்தன. தொழிலாளிக்கு 'எஸ்' அப்படியே இருந்தது. மரீனுக்கு மட்டும், இயல்பாக வரும் அமைப்பில், 'எம்' போய் 'ஏ' வந்திருந்தது.

இன்னொரு மாற்றம்தான் என்னை நிறுத்தியது. டிராப்ஷிப்பும் இல்லை, மெடிக்கும் இல்லை. இரண்டையும் சேர்த்து மெடிவாக் என்று ஒரே கப்பலாக்கிவிட்டார்கள். எட்டு மரீன்களை ஏற்றிப் போய் இறக்கும், அதே கப்பலே மேலே மிதந்தபடி அடிபட்டவர்களையும் தேற்றும். லிம் பத்து வருஷம் கையால் கோத்ததை ஆட்டமே கோத்து, நேற்று விளையாடத் தொடங்கிய பையனுக்கும் சேர்த்துக் கையில் கொடுத்துவிட்டது. லர்க்கரும் அப்போது இல்லை. முள்ளிலிருந்து மரீனை விலக்கக் கற்றவருக்கு இனி முள்ளே கிடையாது.

வயதானவர் புது ஆட்டத்துக்கு மாறினால் 'விரல் வேகம் குறைந்துவிட்டது' என்று எல்லோரும் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது. சேர்த்துவைத்த சொத்து ஒரே நாளில் செல்லாமல் போவது வேகம் குறைவதைவிடப் பெரிய அடி. எல்லா மாற்றமும் இப்படி இருக்காது. 2020-இல் வாலரன்ட் என்ற துப்பாக்கி ஆட்டம் வந்தபோது, அதே வகையைச் சேர்ந்த கவுன்டர்-ஸ்ட்ரைக்கிலிருந்து பலர் தாவினார்கள். பெல்ஜியத்தின் ஸ்க்ரீம், ஒரே குண்டில் தலையைக் குறிவைக்கிறவர் என்று பெயர் பெற்றவர், அந்தக் குறியை அப்படியே கூட்டிக்கொண்டு போனார். இரண்டு ஆட்டத்திலும் ஓடிக்கொண்டே சுட்டால் குறி தவறும், நின்று சுட வேண்டும். பழைய கை அங்கே செல்லுபடியானது. லிம்முக்கு அந்த வசதி கொஞ்சம்தான் வாய்த்தது.

போதாததற்கு, இந்த மாற்றத்துக்கு ஒரு கதவைச் சாத்திவிட்டுத்தான் வர வேண்டியிருந்தது. ஒளிபரப்பு உரிமை யாருக்கு என்று ஆட்டத்தின் உரிமையாளரான பிளிசார்டுக்கும் கெஸ்பாவுக்கும் தகராறு. பிளிசார்டு கெஸ்பாவை விட்டுவிட்டு கோம்டிவி என்ற இணைய ஒளிபரப்பு நிறுவனத்தோடு கைகோத்தது. அவர்கள் ஜிஎஸ்எல் என்ற ஸ்டார்கிராஃப்ட் 2 போட்டியைத் தொடங்கினார்கள். முதல் பட்டத்துக்குப் பரிசு பத்துக் கோடி வான். ஆனால் கெஸ்பாவின் அணியில் இருந்துகொண்டு அங்கே ஆட வழியில்லை. லிம் டி1-ஐ விட்டு வெளியே வந்தார். நாடா என்று அறியப்பட்ட இன்னொரு பழைய ஜாம்பவான் லீ யுன்-யோலும் வந்தார். லிம் தன் பழைய குழுப்பெயரான 'ஸ்லேயர்ஸ்' என்பதையே புது அணிக்கும் வைத்தார். நடிகை கிம் கா-யோன் அந்த அணியை அவரோடு சேர்ந்து நடத்தினார்.

ஜிஎஸ்எல் முதல் பட்டத்தை வென்றவர் கிம் வொன்-கி. குடும்பத்தின் பழக்கடையை வைத்துத் தன் ஆட்டப்பெயரையே 'ஃப்ரூட்டீலர்' என்று வைத்துக்கொண்டவர். பழைய ஸ்டார்கிராஃப்டில் அவரைப் பெரிதாக யாருக்கும் தெரியாது. இரண்டாம் சீசனுக்கு லிம் மற்றவர்களைப் போலவே தகுதிச்சுற்றில் உட்கார்ந்து, ஆடி, 64 பேரில் ஒருவராக உள்ளே வந்தார். பேரரசர் என்று யாரும் நேரே உள்ளே விடவில்லை.

கொரியா நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே மாலை ஆட்டம் என்றால் மதுரையில் சாப்பாட்டு நேரம் முடிந்த மதியம். கடையில் ஓரமாக இருந்த சிஸ்டத்தில் கோம்டிவியைப் போட்டுவிட்டு வேலை பார்ப்பேன். படம் ஐந்து நிமிடத்துக்கொருமுறை உறைந்து நிற்கும். லிம் மேடைக்கு வந்தபோது அந்தக் கூட்டம் எழுப்பிய சத்தம் ஸ்பீக்கரில் கரகரத்தது. புதிதாக வேலைக்கு வந்த அந்தப் பெண் திரும்பிப் பார்த்து, "யாருண்ணே இவரு, நடிகரா?" என்றாள். முகத்தில் சதை போட்டிருந்தது. கண்கள் மட்டும் அதே பழைய கண்கள். சுற்றுக்குச் சுற்று ஜெயித்து அரையிறுதிவரை வந்துவிட்டார்! அரையிறுதியன்று பாதி ஆட்டத்தில் கரண்ட் போய்விட்டது. வந்து பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது, தோற்றிருந்தார். அதன் பிறகும் ஜிஎஸ்எல் கோப்பை அவருக்குக் கிடைக்கவே இல்லை.

அவரிடம் கற்றவருக்குக் கிடைத்தது. ஸ்லேயர்ஸ் அணியின் மூன் சொங்-வோன் 2011 அக்டோபரில் அமெரிக்காவின் அனஹைமில் நடந்த ஜிஎஸ்எல் இறுதியில் 4-1 என்று ஜெயித்தார். விசை மாறினாலும் கற்றுக்கொடுக்கிற கை மாறவில்லை என்று அன்று எனக்குத் தோன்றியது. இதைச் சொல்லும்போது 2004-இல் சீடனிடம் தோற்று அழுத அந்த முகமும் கூடவே வருகிறது.

தகராறு தீர்ந்து, 2012-இல் கெஸ்பா அணிகள் மொத்தமாக ஸ்டார்கிராஃப்ட் 2-க்கு மாறின. பழைய ஆட்டத்தின் கடைசி ஓஎஸ்எல் இறுதி அந்த ஆகஸ்டில் நடந்தது. ஒவ்வொரு அணி வீட்டிலும் இருபது வயதுப் பையன்கள் புது விசைகளைத் தேடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குச் சொல்லித்தர ஏற்கெனவே அந்த வழியில் போனவர் ஒருவர் வேண்டியிருந்தது. அதே ஆண்டு லிம் டி1-க்குப் பயிற்சியாளராகத் திரும்பினார். அடுத்த ஆண்டு அதையும் விட்டுவிட்டுத் தொழில்முறை போக்கர் பக்கம் போனார்.

ஃப்ளாஷின் கதை வேறு மாதிரி. பழைய ஆட்டத்தில் ஆறு பெரிய பட்டங்கள் வென்றவர், புது ஆட்டத்தில் 2014-இல் டொரான்டோவில் ஒரு பெரிய போட்டியை ஜெயித்தார். 2015-இல் ஓய்வு பெற்றார். பிறகு நேரே பழைய ஸ்டார்கிராஃப்டுக்கே திரும்பி, ஏஎஸ்எல் என்னும் போட்டியில் தொடர்ந்து மூன்று பட்டங்களை அள்ளினார். 12 பேருக்கு ஒரு பிடி, பாரக்ஸுக்கு ஒரு தட்டு என்ற அந்த வீட்டுவேலைக்கே திரும்பினார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. எனக்கும் அவசர வேலை என்றால் இன்றைக்கும் விரல் பழைய 'யளனக'வைத்தான் கேட்கிறது.

ஸ்டார்கிராஃப்ட் 2-இல் ஒன்று மட்டும் எனக்குப் பெரிய பரிசாகக் கிடைத்தது. அதன் ரீப்ளே கோப்பில் ஆடியவரின் திரையும் பதிவாகிறது. ஒரு பொத்தானை அழுத்தினால் அவர் பார்த்ததையே நாமும் பார்க்கலாம். அன்று ஃப்ளாப்பி நீட்டிய பையன் அப்போது கோயம்புத்தூரில் வேலையில் இருந்தான். பாக்ஸரின் ரீப்ளே ஒன்றை மெயிலில் அனுப்பி, "அண்ணே, இப்பப் பாருங்க" என்று மட்டும் எழுதியிருந்தான். கடையைச் சாத்திவிட்டு விளக்கை அணைத்து உட்கார்ந்தேன். பொத்தானை அழுத்தினேன். திரை குதித்தது. முகாம், கப்பல், முகாம், மலைமுகடு, மறுபடி கப்பல். எதிலும் ஒரு நொடிக்கு மேல் நிற்கவில்லை. யார் ஜெயிக்கிறார் என்று எனக்குப் புரியவே இல்லை. ஆட்டம் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து போட்டேன்.